போன்ல தமிழ் அடிக்க எந்த கீபோர்டு? மாத்தி மாத்தி யூஸ் பண்ணிப் பார்த்து சொல்றேன்

முடிவை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு வாரம் பொறுமையா பழக முடியும்னா, தமிழ் எழுத்தையே நேரா அடிக்கற தமிழ்99ங்கற கீபோர்டைப் போடுங்க. அது முடியாதுன்னா வாய்ஸ் டைப்பிங். அதுவும் கூச்சமா இருந்தா இப்ப ஊரே பண்ற மாதிரி இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு மேல வர்ற சஜஷனைத் தொட்டுக்கிட்டே காலத்தை ஓட்டலாம், ஒண்ணும் குடி முழுகிடாது. அவசரக்காரங்க இதோட கிளம்பலாம், மத்தவங்க உக்காருங்க, கொஞ்சம் நீளமாத்தான் பேசப்போறேன்.

யூடியூப்ல தமிழ்ல போன் ரிவ்யூ பண்றவங்க எத்தனை பேர் இருக்காங்க, கேமரா, பேட்டரி, சார்ஜர் டப்பால இருக்கா இல்லையா, பின்பக்கம் கைரேகை விழுதா இல்லையான்னு எல்லாத்தையும் புட்டுப் புட்டு வைப்பாங்க, ஆனா இந்த போன்ல தமிழ் எப்படி அடிக்கிறதுன்னு ஒருத்தரும் வாயே திறக்கமாட்டாங்க. நாளைக்கு நாம கேமராவைத் திறக்கறது எத்தனை தடவை, கீபோர்டைத் திறக்கறது எத்தனை தடவைன்னு யோசிச்சுப் பாருங்க. சரி அவங்க பண்ணலன்னா நாம பண்ணுவோம்.

முதல்ல கீபோர்டே மாத்தாம ஓட்டற கூட்டம். தமிழை இங்கிலீஷ் எழுத்துல அப்படியே அடிச்சு விட்டுடறது, தங்கிலீஷ். இதை கேலி பண்ற ஆள் நான் இல்ல, இது வந்த காரணம் நியாயமானது. அந்தக் காலத்து பட்டன் போன்ல தமிழ் எழுத்தே வராது, வந்தாலும் அனுப்பினவன் போன்ல எழுத்தா இருக்கறது வாங்கினவன் போன்ல கட்டம் கட்டமா தெரியும். அதோட எஸ்எம்எஸ்ல காசு கணக்கு வேற. இங்கிலீஷ்ல ஒரு மெசேஜுக்கு 160 எழுத்து, அதையே தமிழ்ல அடிச்சா 70 தான், அதுலயும் கொம்பு கால் எல்லாம் தனித்தனி எழுத்தா எண்ணிக்கும். மெசேஜுக்கு காசு எடுத்த காலத்துல எவன் தமிழ்ல அடிப்பான்? அப்ப வந்த பழக்கம், எஸ்எம்எஸ் போய் வாட்ஸப் வந்தும் விரல்லயே தங்கிடுச்சு.

தங்கிலீஷ்ல அடிக்கறவனுக்கு ஒரு கஷ்டமும் இல்ல, கஷ்டம் பூரா படிக்கறவங்களுக்கு. 'பி ஏ எல் ஏ எம்'னு ஒருத்தர் அடிச்சிருந்தா அது பலமா, பாலமா, பழமா? முன்னாடி பின்னாடி வார்த்தையை வெச்சு ஊகம் பண்ணணும். பசங்க அதை கண்ணிமைக்கறதுக்குள்ள படிச்சிடறாங்க, ஆனா எங்க பெரியம்மா ஃபேமிலி க்ரூப்ல வர்ற தங்கிலீஷ் மெசேஜை ஒவ்வொரு எழுத்தா வாய்விட்டுக் கூட்டிப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கீழ பத்து குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து அதை மேல தள்ளிடுது. வயசானவங்க இருக்கற க்ரூப்ல தமிழை தமிழ் எழுத்துல போடறது ஒரு மரியாதைன்னு நான் நினைக்கறேன், மொழிப்பற்று அது இதுன்னு பெருசா எல்லாம் போகவேண்டாம்.

அடுத்தது, பெரும்பாலான பேர் யூஸ் பண்றது, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாத்திக் குடுக்கற வகை. கூகுளோட கீபோர்டான ஜிபோர்டுல தமிழ் சேர்க்கறப்பவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். புதுசா வர்றவங்களுக்கு இதைவிட சுலபமான வாசல் கிடையாது, கத்துக்க ஒண்ணுமே இல்ல, 'அம்மா'வை எப்படி மனசுல இங்கிலீஷ்ல எழுதுவீங்களோ அப்படி அடிச்சா அம்மா வந்து நிக்கும். நீங்க நெடிலுக்கு ஒரு 'ஏ' போட்டாலும் ரெண்டு 'ஏ' போட்டாலும் அதுவே புரிஞ்சுக்கும். நாலு பேரை தமிழ்ல எழுத வெச்ச புண்ணியம் இதுக்கு உண்டு, அதை மறுக்கவே முடியாது. 5க்கு 3 குடுக்கறேன்.

மிச்ச 2 ஏன் குடுக்கலன்னா, இதுல நீங்க டைப் பண்றதே இல்ல. நீங்க கேக்கறீங்க, அது நாலஞ்சு வார்த்தையை எடுத்து நீட்டுது, நீங்க பொறுக்கறீங்க. கண்ணு எப்பவும் அந்த சஜஷன் பட்டைலயே ஒட்டிக்கிட்டு இருக்கணும், ஏன்னா ல ள ழ, ன ந ண, ர ற எல்லாத்துக்கும் நீங்க அடிக்கற இங்கிலீஷ் எழுத்து கிட்டத்தட்ட ஒண்ணுதான், எது வேணும்னு அது குத்துமதிப்பாத்தான் எடுக்கும். அரிசி, கரி, கறி மாதிரி சின்ன வார்த்தைலதான் கவிழ்த்து விடும். கறி வாங்கிட்டு வான்னு சொன்னா கரி வாங்கிட்டு வான்னு போகும், படிக்கறவங்க புரிஞ்சுக்குவாங்கதான், ஆனா இப்படியே பத்து வருஷம் போனா நமக்கே எது சரின்னு சந்தேகம் வந்துடுது. ஸ்கூல்ல டிக்டேஷன்ல பத்துக்கு பத்து வாங்கின ஆளுங்களே இப்ப ரகர றகரத்துக்கு சஜஷன் பட்டையைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க.

எனக்கு இதுல பெரிய கடுப்பு பேச்சுத்தமிழ்ல வருது. நாம வாட்ஸப்ல யாரு 'வந்துகொண்டிருக்கிறேன்'னு எழுதறோம்? 'வந்துட்ருக்கேன்'. ஆனா இந்த மாதிரி கீபோர்டு எல்லாம் கத்துக்கிட்டது அதிகமா எழுத்துத்தமிழ், அதனால பேச்சு வடிவம் அடிச்சா திக்குமுக்காடுது. மதுரைக்காரர் 'வந்தாய்ங்க'ன்னு அடிக்கட்டும், நெல்லைக்காரர் 'வந்தாவ'ன்னு அடிக்கட்டும், யாழ்ப்பாணத்துக்காரர் 'வந்தவை'ன்னு அடிக்கட்டும், கோயம்புத்தூர்க்காரர் 'வந்தாங்கொ'ன்னு அடிக்கட்டும், சஜஷன்ல முதல்ல வந்து நிக்கறது பெரும்பாலும் செய்தி வாசிக்கறவங்க பேசற வடிவம்தான். நாம ஒரு நொடி தயங்குவோம், சரி இதுவும் அதே அர்த்தம்தானேன்னு அதைத் தொட்டுடுவோம். கொஞ்ச நாள்ல நாம எழுதறது நாம பேசற மாதிரியே இருக்காது. திரும்பத் திரும்ப அடிச்சா கத்துக்கும்னு சொல்வாங்க, கத்துக்கும், போனை மாத்தற வரைக்கும்.

இதே இங்கிலீஷ் எழுத்து முறையில இன்னொரு வகை இருக்கு, அஞ்சல்னு பேரு, முரசு அஞ்சல்ங்கற தமிழ் மென்பொருளைச் செஞ்ச மலேசியாக்காரர் முத்து நெடுமாறன் வழியா வந்தது. செல்லினம்ங்கற கீபோர்டு ஆப்லயும் ஐபோன்லயும் இது இருக்கு. இதுல குத்துமதிப்பே கிடையாது. சின்ன 'எல்' லகரம், பெரிய 'எல்' ளகரம், 'இசட்' ழகரம், சின்ன 'என்' றன்னகரம், பெரிய 'என்' டண்ணகரம், 'டபிள்யூ' தந்நகரம். நீ என்ன அடிச்சியோ அதுதான் வரும். பழகிட்டா நல்ல வேகம், ஆனா போன்ல அடிக்கடி ஷிஃப்டுக்குப் போகவேண்டியிருக்கறது எரிச்சல். கம்ப்யூட்டர்ல அடிக்கறவங்களுக்கு இது ரொம்ப நல்ல சாமான், போன்ல சுமார்.

இப்ப தமிழ்99. பேரைக் கேட்டாலே பாதி பேர், ஐயோ அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் சமாச்சாரம்னு ஓடிடறாங்க. இல்லவே இல்லங்க, டைப்ரைட்டர் லேஅவுட் வேற, இது வேற. டைப்ரைட்டர் விசைப்பலகை, தமிழ் டைப்ரைட்டரை உருவாக்கின, யாழ்ப்பாணத்துல பொறந்த ஆர். முத்தையா காலத்துலேந்து வர்றது, கொம்பு தனி, கால் தனி, கண்ணால பார்க்கற வரிசைல அடிக்கணும், இரும்பு மெஷினுக்கு அதுதான் வழி. தமிழ்99 கம்ப்யூட்டருக்குன்னே யோசிச்சு, 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழ்நெட்99ங்கற கணினித்தமிழ் மாநாட்டையொட்டி வந்தது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சிங்கப்பூர்ல கணினித்தமிழ் முன்னோடி நா. கோவிந்தசாமி முன்ன நின்னு நடத்தின மாநாட்டுலேந்து ஆரம்பிச்ச பேச்சு அது.

இதோட கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். உயிர் 12, மெய் 18, புள்ளி ஒண்ணு, மொத்தம் 31 கீ. அவ்வளவுதான். மிச்ச 216 உயிர்மெய்யும் அதுலேந்தே பொறக்குது, ஜ, ஸ, ஷ, ஹ மாதிரி கிரந்த எழுத்தும் ஆய்தமும் ஷிஃப்டுல. ஒண்ணாங்கிளாஸ்ல மெய்யும் உயிரும் சேர்ந்தா உயிர்மெய்னு சொல்லிக் குடுத்தாங்கள்ல, அதேதான் கீபோர்டு. உயிர் எல்லாம் இடது கை, மெய் எல்லாம் வலது கை, வகரமும் ஙகரமும் மட்டும் இடது பக்கம் வந்து குடியிருக்கு. அதனால போனை ரெண்டு கையால பிடிச்சு கட்டைவிரல்ல அடிக்கறப்ப ஒரு விரல் மெய்யைத் தட்ட இன்னொரு விரல் உயிரைத் தட்ட, இடதும் வலதும் மாறி மாறி ஓடும், ஒரே விரல் தாவித்தாவி அலையாது. போன்ல கட்டைவிரல்ல அடிக்கப்போறோம்னு 1999ல யாருக்கும் தெரிஞ்சிருக்காது, ஆனாலும் பொருந்தி வந்துடுச்சு.

அதுல இருக்கற தானாப் புள்ளி விஷயம்தான் என்னை விழ வெச்சது. ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல்ல இருக்கறதுக்கு அதுவே புள்ளி வெச்சுடும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. நாலே தட்டு. இன எழுத்தும் அப்படித்தான், ங க அடிச்சா ங்க, ந த அடிச்சா ந்த, ண ட, ம ப, ன ற, ஞ ச எல்லாம் அதே. தமிழ்ல இந்த ஜோடி எவ்வளவு வருதுன்னு நீங்க எழுதறப்பதான் தெரியும், 'வந்தாங்க'ன்னு அடிக்க புள்ளி கீயைத் தொடவே வேண்டாம். அப்ப புள்ளி இல்லாம வேணும்னா என்ன பண்றதுன்னு கேப்பீங்க, நடுவுல அகரத்தைத் தட்டணும். 'பப்பாளி'க்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. முதல் நாள் எல்லாரும் இந்த இடத்துலதான் தடுக்கி விழுவாங்க, பப்பாளியும் கக்கூஸும் சரியா அடிச்சிட்டா பரீட்சை பாஸ்.

முக்கியமா இதுல நான் 'வந்துட்ருக்கேன்'னு அடிச்சா 'வந்துட்ருக்கேன்'னுதான் வருது. 'அடப்பாவி'யை 'அடப்ப்ப்பாவி'ன்னு இழுத்தாலும் இழுத்த மாதிரியே நிக்குது. என் விரல்ல என்ன வருதோ அது ஸ்கிரீன்ல. தப்பா அடிச்சாலும் அது என் தப்பு, யாரோ நீட்டின தப்பு இல்ல. கண்ணை சஜஷன் பட்டைலேந்து எடுத்து எழுதற வரியில வைக்க முடியறதே பெரிய நிம்மதி. திருத்தறதும் சுலபம், 'கொடு'வை 'கோடு' ஆக்கணும்னா ககரத்துக்குப் பின்னாடி ஒரு பேக்ஸ்பேஸ், கொம்பு கால் மட்டும் போயிடும், ஓகாரத்தைத் தட்டினா வேலை முடிஞ்சுது. இங்கிலீஷ்ல அடிக்கற வகைல பாதி நேரம் முழு வார்த்தையையும் அழிச்சிட்டு மறுபடி முதல்லேந்து அடிக்கணும்.

குறை இல்லாம இல்ல. மேல் வரிசைல மட்டும் 12 கீ, இங்கிலீஷ்ல அங்க 10 தான், அதனால சின்ன போன்ல ஒவ்வொரு கீயும் ஒல்லிக்குச்சி மாதிரி நிக்கும், என்னை மாதிரி தடிச்ச விரல்காரங்களுக்கு டகரத்தைத் தொட்டா ணகரம் வரும். இங்கிலீஷ் பேர், ஊர் அட்ரஸ், லிங்க் எல்லாம் நடுவுல வந்தா கீபோர்டு மாத்தி மாத்திப் போகணும். நாம பேசறதுல பாதி இங்கிலீஷ்ங்கறதால கிரந்தத்துக்கு ஷிஃப்ட் போறதும் அடிக்கடி நடக்கும், 'ஜஸ்ட் பஸ்ஸ மிஸ் பண்ணிட்டேன்'னு அடிச்சுப் பாருங்க, ஷிஃப்டுக்கே விரல் தேஞ்சிடும். இருந்தாலும் 5க்கு 4 தாராளமா குடுப்பேன். செல்லினத்துல இருக்கு, ஐபோன்ல எதையும் இறக்காம செட்டிங்ஸ்ல கீபோர்டு சேர்க்கற இடத்துலயே இருக்கு.

ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக், இது தெரியாத பசங்களுக்காக. இப்ப எந்த கீபோர்டுல அடிச்சாலும் வெளிய வர்றது எல்லா போனுக்கும் பொதுவான யூனிகோடுங்கற ஒரே குறியீட்டுத் தமிழ்தான், அதனால என் போன்ல அடிச்சது உங்க போன்ல தெரியுது. முன்னாடி அப்படி இல்ல. டாப், டாம், திஸ்கி, பாமினின்னு ஆளுக்கு ஒரு குறியீடு, ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு ஃபாண்ட் இறக்கணும். பாமினில 'அம்மா'ன்னு அடிச்ச ஃபைலை அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்'னு நிக்கும். இன்னைக்கும் கல்யாணப் பத்திரிகை அடிக்கற கடையில கேளுங்க, நீங்க வாட்ஸப்ல அனுப்பின மேட்டரை அவங்க கன்வர்ட்டர்ல போட்டு மாத்தறதையோ மறுபடி அடிக்கறதையோ பார்க்கலாம், அத்தை பேர்ல ஒரு எழுத்து காணாமப் போறது இப்படித்தான். 1991லயே யூனிகோடுல தமிழ் வந்துடுச்சு, தமிழ்நாட்டு அரசு அதை ஏத்துக்கிட்டு ஆணை போட்டது 2010ல. நடுவுல அந்த 19 வருஷம் தேனீ ஃபாண்ட் செஞ்ச அதிராம்பட்டினம் உமர்தம்பி மாதிரி ஆளுங்க ராத்திரி கண்ணு முழிச்சு இலவசமா செஞ்சு குடுத்ததாலதான் நெட்ல தமிழ் ஓடுச்சு. கம்ப்யூட்டர்ல தமிழ் அடிக்க வெச்சிருந்த இ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர்னு சொன்னா பழைய பிளாக் ஆளுங்க கண்ணு கலங்குவாங்க, சும்மா சொல்லிப் பாருங்க.

சரி வாய்ஸுக்கு வருவோம். கூகுள் 2017 ஆகஸ்ட்ல வாய்ஸ் டைப்பிங்குக்கு ஒரே மூச்சுல 30 மொழி சேர்த்தப்ப தமிழும் அதுல வந்துச்சு. ஜிபோர்டுல அந்த மைக்கைத் தட்டிட்டுப் பேசினா எழுதிக்கிட்டே வரும். எழுத்துக்கூட்ட சிரமப்படறவங்களுக்கும், கண்ணு மங்கலா இருக்கறவங்களுக்கும், ஒரு கைல கரண்டி பிடிச்சிருக்கறவங்களுக்கும் இது வரம், வேற வார்த்தை இல்ல. வாய்ஸ் மெசேஜாவே அனுப்பிடலாமேன்னு சிலர் கேப்பாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், மூணு நிமிஷ ஆடியோவை ஆஃபீஸ்ல உக்காந்து கேக்க முடியாது, அதுல கடைசி பத்து செகண்டுலதான் விஷயமே இருக்கும், அதுக்கு முன்னாடி பூரா 'ம்... அப்பறம்...'. பேசி எழுத்தா மாத்தி அனுப்பினா படிக்கறவங்க நேரம் மிச்சம்.

ஆனா வாய்ஸுக்கு அமைதியான இடம் வேணும். டவுன் பஸ்ல ஏறி நின்னுக்கிட்டு பேசினா கண்டக்டர் சொல்ற ஸ்டாப் பேரும் சேர்ந்து வரும். நிறுத்தற இடத்துல எல்லாம் புள்ளி கமா விழும்னு நம்பாதீங்க, ஒரே மூச்சு வாக்கியமா வந்து நிக்கும், நான் இப்ப எழுதறதே அப்படித்தான் இருக்குன்னு நீங்க சொல்றது காதுல விழுது. தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசினா சில இங்கிலீஷ் வார்த்தை தமிழ் எழுத்துல வரும், சிலது இங்கிலீஷ் எழுத்துலயே வரும், எது எப்ப எப்படின்னு ஒரு கணக்கும் பிடிபடாது. பேச்சு வழக்குல பேசினாலும் இங்கயும் கொஞ்சம் மேடைத்தமிழ் பக்கம் இழுக்கும். அதோட சில விஷயத்தை பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டு சத்தமா சொல்ல முடியாது பாருங்க, சம்பளம், சண்டை, சாப்பாட்டைப் பத்தின உண்மையான கருத்து. 3.5.

கையால எழுதறது பத்தியும் ஒரு வரி. ஸ்கிரீன் மேல விரலால எழுதினா எழுத்தா மாறும், 2015லேந்து இருக்கு. எங்கப்பாவுக்கு இதைத்தான் போட்டுக் குடுத்தேன், அவர் போஸ்ட் கார்டு எழுதற அதே நிதானத்துல எழுதறார், அவர் கோணல் எழுத்தையும் அது படிச்சிடுது, எங்களாலயே அவர் லெட்டரைப் படிக்க முடியாது. வேகம் கிடையாது, ஆனா அவருக்கு என்ன அவசரம்.

புதுசா ஏதாவது கீபோர்டு ஆப் இறக்கறீங்கன்னா ஒண்ணு கவனிங்க. ஆண்ட்ராய்டுல அதை ஆன் பண்றப்ப, இது நீங்க அடிக்கற பாஸ்வேர்டு, கார்டு நம்பர் உட்பட எல்லாத்தையும் சேகரிக்கக்கூடும்னு ஒரு எச்சரிக்கை வரும், நாம எல்லாரும் படிக்காமலே ஓகே குடுப்போம். எந்த கீபோர்டு போட்டாலும் இது வரும், அதனால பயந்து ஓட வேண்டாம், ஆனா யாரு செஞ்சதுன்னே தெரியாத, கலர் கலர் தீமும் விளம்பரமுமா இருக்கற தமிழ் கீபோர்டு ஆப் ஸ்டோர்ல ஏகப்பட்டது கிடக்குது, அதுல பேங்க் பாஸ்வேர்டு அடிக்கறது எனக்கு மனசு ஒப்பல. கீபோர்டுக்கு எதுக்கு என் கான்டாக்ட் லிஸ்ட், எதுக்கு லொகேஷன்? கேட்டா அழிச்சிடுங்க.

எல்லா கீபோர்டு மேலயும் எனக்கு பொதுவா ஒரு குறை, எழுத்துப்பிழை பார்க்கறது தமிழுக்கு இன்னும் சரியா அமையல. தமிழ்ல ஒரு வினைச்சொல் எடுத்தா அதுக்கு வால் மேல வால் முளைச்சுக்கிட்டே போகும், போ, போக, போகல, போகலையா, போகலையாம், போகலையாமேன்னு, இது எல்லாத்தையும் ஒரு டிக்ஷனரில அடுக்க முடியாது. அதனால சரியா எழுதினதுக்கு அடியில சிவப்புக் கோடு, தப்புக்கு ஒண்ணும் இல்ல. நான் அதை ஆஃப் பண்ணி வெச்சுட்டேன், பேஜ் சுத்தமா இருக்கு.

கம்ப்யூட்டர்ல கேக்கறவங்களுக்கு, விண்டோஸ் 10ல 2019லேந்து இங்கிலீஷ் எழுத்துல அடிக்கற தமிழ் ஃபோனடிக் கூடவே வருது, மேக்ல அஞ்சலும் தமிழ்99ம் ரொம்ப வருஷமா இருக்கு, லினக்ஸ் ஆளுங்களுக்கு ஐபஸ்ல கிடைக்கும், அவங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்ல. லேப்டாப் கீ மேல ஒட்டறதுக்கு தமிழ் எழுத்து ஸ்டிக்கர் விக்கறாங்க, அதை வாங்காதீங்க, ஒரு வெயில் காலத்துல வேர்வை பட்டு முனை பேந்து பிசுபிசுன்னு ஆயிடும், அதோட குனிஞ்சு கீயைப் பார்த்தே அடிக்கற பழக்கமும் வந்துடும். தமிழ்99 படத்தை ஒரு பேப்பர்ல பிரிண்ட் எடுத்து ஸ்கிரீன் ஓரத்துல ஒட்டி வெச்சுக்கங்க. இடது கைல நடு வரிசை அ, இ, உ, புள்ளி, எ. வலது கைல க, ப, ம, த, ந, ய. இந்தப் பதினொண்ணு விரலுக்கு வந்துட்டா மிச்சம் தானா வரும், ழகரம் மட்டும் கடைசி மூலைல கேள்விக்குறி கீல உக்காந்திருக்கு, அதைத் தேடி அலையாதீங்க.